தரையில் அமர்வதற்கு ஒரு கால்: ஜெய்ப்பூர் செயற்கைக் காலின் வரலாற்றிலிருந்து

உடற்குறையோடு நன்கு வாழ்ந்தவர்களைப் பற்றிய எழுத்துகள் பெரும்பாலும் அவர்களது மன உறுதியையே போற்றுகின்றன. மன உறுதியின் இடத்தை எவரும் மறுக்க இயலாது. ஆனால் ஒருவர் நன்கு வாழ்வது, அவர் கையில் தரப்படும் கருவி யாருடைய வாழ்க்கையை மனத்தில் கொண்டு செய்யப்பட்டது என்பதையும் பொறுத்தது. 1960களின் பிற்பகுதியில் ராஜஸ்தானில் உருவான ஜெய்ப்பூர் காலின் வரலாறு இதற்குத் தக்க சான்று.

இந்தியாவில் நவீன முறையில் செயற்கைக் கால்கள் செய்யும் பணி போரோடு தொடர்புடையது. இரண்டாம் உலகப் போரில் கை கால் இழந்த படைவீரர்களுக்காக 1944ஆம் ஆண்டு பூனாவில் செயற்கை உறுப்பு மையம் தொடங்கப்பட்டது. அக்காலத் தொழில்நுட்பத்தின் முன்மாதிரிகள் மேலைநாட்டிலிருந்து வந்தவை. 1950களில் அமெரிக்காவில் உருவாகி உலகெங்கும் பரவிய 'சாக்' பாதம் அவற்றுள் முதன்மையானது. அதன் கணுக்கால் அசையாது. உள்ளே முன்பாதம் வரை நீளும் மரக்கட்டை ஒன்றும், குதிகாலில் அதிர்வைத் தாங்கும் மெத்தென்ற ரப்பர் ஆப்பும் இருக்கும். குறிப்பிட்ட உயரமுள்ள குதியைக் கொண்ட காலணிக்குள் பொருந்துமாறு வடிவமைக்கப்பட்டதால், காலணியின்றி அதைக் கொண்டு நடப்பது கடினம். நாற்காலியில் அமர்ந்து, மேசையில் உண்டு, சமதளச் சாலையில் காலணியோடு நடப்பவருக்கு அது நல்ல பாதம்.

ஜெய்ப்பூரின் சவாய் மான் சிங் மருத்துவமனைக்கு வந்தவர்களுள் பெரும்பாலோரின் வாழ்க்கை அத்தகையதன்று. அவர்கள் தரையில் சம்மணமிட்டு உண்பவர்கள். குந்தி அமர்ந்து காலைக்கடன் கழிப்பவர்கள். சேற்றிலும் வரப்பிலும் நின்று உழைப்பவர்கள். வீட்டுக்குள்ளும் கோயிலுக்குள்ளும் காலணியைக் கழற்றிவிட்டு நுழைவது அவர்களுக்குப் பழக்கம் மட்டுமன்று, ஒழுக்கமும்கூட. காலணியோடு ஒன்றிப்போன ஒரு காலைப் பெற்றவர் இவ்விடங்கள் அனைத்திலும் புறத்தே நிற்க நேரிட்டது. மருத்துவமனையில் நடக்கக் கற்றுச் சென்றவர்கள் பலர், ஊர் திரும்பியபின் அக்காலைக் கழற்றி வைத்துவிட்டு மீண்டும் ஊன்றுகோலையே நாடினர். இதை நோயாளியின் அறியாமை என்று ஒதுக்கிவிடுவது எளிது. அம்மருத்துவமனையின் எலும்பு அறுவை மருத்துவர் பிரமோத் கரண் சேத்தி அவ்வாறு ஒதுக்கவில்லை. பிழை அணிந்தவரிடம் இல்லை, அணிவிக்கப்பட்டதில் இருக்கிறது என்பதே அவர் வந்தடைந்த முடிவு.

அம்முடிவைப் பொருளாக மாற்றியவர் ராம் சந்திர சர்மா. 'மாஸ்டர்ஜி' என்று அழைக்கப்பட்ட அவர் கைவினைஞர்; முறையான பள்ளிக் கல்வி மிகக் குறைவாகவே பெற்றவர். மருத்துவமனையில் நோயாளிகளுக்குக் கைத்தொழில் கற்பிக்க வந்த அவர், அவர்களது அன்றாட இடர்ப்பாடுகளை அருகிருந்து கண்டார். மிதிவண்டியின் டயர் பழுதாகிக் கடையில் காத்திருந்தபோது, அங்கே லாரி டயருக்குப் புதிய ரப்பர் ஏற்றுவதைக் கண்டு ரப்பர் பாதத்தைப் பற்றிய எண்ணம் அவருக்குப் பிறந்தது என்று ஒரு கதை வழங்குகிறது. கதை சுவையானதுதான். எனினும் நீண்ட கால உழைப்பை அது ஒரு நொடிப்பொழுதாகச் சுருக்கிவிடுகிறது. வடிவம் பலமுறை மாறியபின் 1968ஆம் ஆண்டளவில்தான் பயன்படத்தக்க பாதம் கிடைத்தது. மேலும், டயர்க் கடையின் அச்சும் சூடும் மருத்துவமனையின் நோக்கத்தோடு இணைவதற்கு, இரண்டு இடங்களின் மொழியையும் அறிந்த ஒருவர் தேவைப்பட்டார் என்பதே அக்கதையில் நாம் கவனிக்க வேண்டிய செய்தி.

அப்பாதத்தின் அமைப்பு எளியது. குதிகாலிலும் முன்பாதத்திலும் நுண்துளை ரப்பர்க் கட்டைகள். கணுக்கால் பகுதியில் மரக்கட்டை. இவற்றைச் சுற்றி டயர் நூலிழை கலந்த வலுவான ரப்பர். அதன்மேல் தோல்நிறத்தில் ஒரு ரப்பர் உறை. அனைத்தையும் பாத வடிவ அச்சில் இட்டுச் சூடேற்றினால் ஒரே பொருளாக இறுகிவிடும். உள்ளிருக்கும் மூன்று கட்டைகளும் ஒன்றோடொன்று இறுகப் பிணைக்கப்படாததால் பாதம் மேல்நோக்கி மடங்கும், பக்கவாட்டில் சாயும், சற்றே திரும்பவும் செய்யும். மடங்குவதால் குந்தி அமரலாம், திரும்புவதால் சம்மணமிடலாம், சாய்வதால் மேடுபள்ளத்தில் நடக்கலாம். நீர் அதைக் கெடுக்காது. தொடக்கத்தில் காலின் மேற்பகுதியை அலுமினியத் தகட்டைத் தட்டி வளைத்து உள்ளூர்க் கைவினைஞர்களே செய்தனர். பிற்காலத்தில் தகட்டின் இடத்தைப் பிளாஸ்டிக் குழாய்கள் பிடித்துக்கொண்டன.

1978ஆம் ஆண்டு சேத்தியும் அவருடைய குழுவினரும் செயற்கை உறுப்பியலுக்கான பன்னாட்டு ஆய்விதழ் ஒன்றில் இப்பாதத்தைப் பற்றிக் கட்டுரை வெளியிட்டனர். இக்கட்டுரை இரு காரணங்களுக்காக வரலாற்று மாணவர்களின் கவனத்துக்குரியது. முதலாவது, ஒரு நல்ல பாதத்துக்கான அளவுகோல்களை அது வரையறுத்த முறை. காலணி தேவைப்படக் கூடாது, நீரில் பழுதாகக் கூடாது, குந்தவும் சம்மணமிடவும் இடந்தர வேண்டும், உள்ளூரில் கிடைக்கும் பொருள்களால் குறைந்த செலவில் செய்யப்பட வேண்டும். நடையை மட்டும் அளந்துவந்த ஒரு துறையில், அமர்தலும் ஓர் அளவுகோலாயிற்று. இரண்டாவது, ஆசிரியர் பட்டியலில் மூன்று மருத்துவர்களின் பெயர்களுக்குப் பின் நான்காவதாக ராம் சந்திராவின் பெயரும் இடம்பெற்றுள்ளது. பட்டமற்ற ஒரு கைவினைஞர் அறிவியல் கட்டுரையின் ஆசிரியராக ஏற்கப்படுவது அன்றும் அரிது, இன்றும் அரிது. ஆயினும் 1981இல் ரமோன் மகசேசே விருது சேத்திக்கு மட்டுமே வழங்கப்பட்டது. பாதத்தை உருவாக்கியவர் யார் என்ற வினா அதன்பின்னும் ஓயவில்லை. குறை எது என்று கண்டறிந்தவர், அதைத் தீர்க்கும் பொருளைச் செய்தவர், பயன்படாததைக் கழற்றி எறிந்ததன் மூலம் தம் தேவையை உணர்த்திய நோயாளிகள் ஆகிய முத்தரப்பினருக்கும் அதில் பங்குண்டு. விருதுகள் தனியொருவரையே தேடுகின்றன.

பாதம் உருவானதும் அது மக்களைச் சென்றடையவில்லை. 1975இல் தேவேந்திர ராஜ் மேத்தா நிறுவிய பகவான் மகாவீர் விக்லாங் சகாயதா சமிதி அதைக் கட்டணமின்றி வழங்கத் தொடங்கிய பின்னரே நிலைமை மாறியது. தொலைவிலிருந்து வரும் ஏழைக்குக் காலின் விலை மட்டுமன்றி, காத்திருக்கும் நாள்களின் கூலியிழப்பும் ஒரு சுமை என்பதை அவ்வமைப்பு உணர்ந்திருந்தது. வந்தவருக்கு உணவும் தங்குமிடமும் அளித்து, விரைவில் காலைப் பொருத்தி அனுப்புவதை நடைமுறையாக்கியது. ஆப்கானிஸ்தானில் கண்ணிவெடிக்குக் காலிழந்தோரையும் இத்தொழில்நுட்பம் எட்டியது. 1980களில் யாழ்ப்பாணத்தில் தொடங்கப்பட்ட மறுவாழ்வு மையமொன்று இன்றும் 'ஜெய்ப்பூர்' என்ற சொல்லைத் தன் பெயரிலேயே தாங்கி நிற்கிறது.

தமிழ் வாசகர்கள் பலருக்கு இப்பாதம் சுதா சந்திரனின் வழியாகவே அறிமுகம். 1981இல் திருச்சிராப்பள்ளி அருகே நேர்ந்த விபத்தையடுத்து வலக்காலை இழந்த அவர், ஜெய்ப்பூர் காலோடு சில ஆண்டுகளில் மீண்டும் மேடையேறினார். அவரது வரலாறு மன உறுதியின் வரலாறாகவே சொல்லப்படுகிறது. பரதநாட்டியமோ வெறுங்காலால் தரையைத் தட்டி ஆடும் கலை. காலணிக்காகச் செய்யப்பட்ட ஒரு பாதம் அவரது உறுதிக்கு எந்த அளவுக்கு ஈடுகொடுத்திருக்கும் என்பதையும் சேர்த்தே எண்ண வேண்டும்.

இவ்வரலாற்றுக்கு மறுபக்கமும் உண்டு. செயற்கைக் கால் ஒருமுறை பெற்று முடித்துவிடும் பொருளன்று. ரப்பர் தேயும், காலின் எஞ்சிய பகுதி காலப்போக்கில் மெலிந்து வடிவம் மாறும், பொருந்திய குழி பொருந்தாமற்போய்ப் புண்ணாகும். அணிந்தவர் வாழ்நாள் முழுவதும் திரும்பத் திரும்ப வர வேண்டியிருக்கும். ஒரே நாளில் முடிந்து கலையும் முகாம் இத்தொடர்ச்சிக்கு விடையாகாது. கொடையாளியின் கருணையில் பெறும் கால் உரிமையும் ஆகாது. 1995ஆம் ஆண்டுச் சட்டமும், 21 வகைக் குறைபாடுகளை ஏற்ற 2016ஆம் ஆண்டுச் சட்டமும் மெல்ல மெல்ல அறத்தின் மொழியிலிருந்து உரிமையின் மொழிக்கு நகர்ந்தன. ஆனால் நலத்திட்ட விழாக்களில் இன்றும் வழங்கப்பட்டவற்றின் எண்ணிக்கையே அறிவிக்கப்படுகிறது.

ஜெய்ப்பூரில் எல்லாம் தொடங்கியது வேறோர் எண்ணிக்கையிலிருந்து. வழங்கப்பட்ட கால்களுள் எத்தனை வீட்டு மூலையில் கிடக்கின்றன என்று ஒரு மருத்துவர் கேட்டார். அவற்றின் சொந்தக்காரர்கள் வீட்டில் எப்படி அமர்கிறார்கள் என்று ஒரு கைவினைஞர் பார்த்தார். சக்கர நாற்காலி, செவிப்புலன் கருவி, திறன்பேசிச் செயலி என இன்று உருவாகும் ஒவ்வொன்றுக்கும் அவ்விரு வினாக்களும் பொருந்தும்.