ஆரி: கோடை மேய்ச்சலின் சொல்

ஸ்காட்லாந்தின் மேற்குத் தீவான லூயிஸின் நிலப்படத்தில் ‘ஆரி’ என்று தொடங்கும் பெயர்கள் ஏராளம். தேடிப் போனால் பல இடங்களில் வீடே இருக்காது. சரிந்த கற்சுவரும், பழுப்புச் சதுப்பின் நடுவே ஒரு பச்சைத் திட்டும் தென்படும். தலைமுறை தலைமுறையாகச் சாணம் விழுந்து உரமேறிய மண் அது. கேலிக் மொழியில் ஆரி என்றால் கோடை மேய்ச்சலிடம். அங்கே தங்குவதற்கான குடிலும் ஆரிதான்.

ஊரைச் சுற்றிய பயிருக்கு வேலி கிடையாது. ஆகவே மே மாதத் தொடக்கத்தில் மாடுகளை ஓட்டிக்கொண்டு பெண்களும் சிறுவர் சிறுமியரும் மேட்டுநிலத்துக்குப் போவார்கள். கோடை முழுக்க அங்கே பால் கறந்து வெண்ணெயும் பாலாடைக்கட்டியும் செய்வார்கள். லூயிஸில் இந்த வழக்கம் இருபதாம் நூற்றாண்டிலும் நீடித்தது.

பழைய ஐரிஷில் இச்சொல்லின் வடிவம் ‘ஆர்கெ’. மாட்டு மந்தை, பால் கறக்கும் இடம் என்பவை அதன் பொருள்கள். மந்தையைக் குறித்த சொல் மந்தை நிற்கும் இடத்துக்கும், பிறகு மேய்ப்பவர் தங்கும் குடிலுக்கும் வந்து சேர்ந்தது. கடல் கடந்து வந்த வைக்கிங்குகளிடம் ‘செத்ர்’ என்ற சொந்தச் சொல் இருந்தும், இதையும் ‘ஏர்கி’ என்று எடுத்துக்கொண்டார்கள். பரோ தீவுகளின் ஆர்கிர், இங்கிலாந்து லங்காஷயரின் கிரிம்சார் ஆகிய ஊர்ப்பெயர்களில் அச்சொல் இன்றும் இருக்கிறது.

எல்லா வட்டாரத்திலும் இதே சொல் வழங்கவில்லை. அயர்லாந்தில் ‘பூலி’ என்றார்கள். ஸ்காட்லாந்தின் கிழக்கு மலைப்பகுதியில் ‘ருயி’ என்றார்கள். முன்னங்கையைக் குறித்த அச்சொல் மலைச்சரிவுக்கும், அங்கிருந்து மேய்ச்சலிடத்துக்கும் பெயரானது.

பிற்காலத்தில் சில ஆரிகள் நிலையான ஊர்களாயின. கோல் தீவின் முக்கிய ஊரான அரினகவுர், ‘ஆரி நன் கோவர்’ என்பதன் ஆங்கில வடிவம். ஆடுகளின் மேய்ச்சலிடம் என்று பொருள். இந்தச் சொல்லைப் பெயரில் தாங்கியதாகக் கருதப்படும் நாப்டேல் வட்டாரத்து ஆரிகோனனில் 1848இல் நிலக்கிழார் குடிகளை வெளியேற்ற முயன்றபோது மக்கள் எதிர்த்து நின்றார்கள். இன்று அங்கே இடிபாடுகளே மிச்சம்.

லூயிஸை நில அளவைத் துறை 1848 முதல் 1852 வரை அளந்தது. அத்துறையின் பெயர்ப் பதிவேடுகளில் எழுத்து வடிவத்துக்கு ஒரு பத்தி, அதற்குச் சான்று சொன்னவருக்கு ஒரு பத்தி, விளக்கத்துக்கு ஒன்று என்று வகுத்திருந்தார்கள். சான்று சொன்னவர்கள் பொதுவாக நிலக்கிழாரின் அலுவலர், பாதிரியார், பள்ளி ஆசிரியர் போன்றோர். கோடைதோறும் அங்கே பால் கறந்த பெண்களின் பெயர் அந்தப் பத்தியில் ஏறுவது அரிது. அத்துறையின் நிலப்படங்களில் ஆரி என்ற சொல் பல இடங்களில் ‘தகுதியுடைய’ என்று பொருள்படும் வேறொரு கேலிக் சொல்லின் எழுத்துக்கூட்டலோடு பதிவாயிற்று. ஒலி ஏறத்தாழ ஒன்றுதான். ஆனால் எழுத்தை மட்டும் நம்பி அகராதியைப் புரட்டுகிறவர், மாடுகள் மேய்ந்த நிலத்தில் நின்றுகொண்டு தகுதியைப் பற்றி யோசிப்பார்.

எனவே திருச்சபை வட்டாரம் ஒன்றின் பெயர்களைத் தொகுக்க முனைவோர் முதலில் அந்த மண்ணின் கேலிக் பேச்சை ஒலியாகப் பதிய வேண்டும். 1951இல் எடின்பரோவில் தொடங்கிய ஸ்காட்லாந்து ஆய்வுப் பள்ளி ஒலிநாடாக்களில் செய்த வேலை அதுதான். அடுத்து பழைய ஆவணங்களின் வடிவங்களை ஒப்பிட்டு, இடத்துக்கே நடந்து போய்ப் பார்க்க வேண்டும். அங்கே எந்தக் கால்நடை மேய்ந்தது, எந்த ஊரார் வந்தார்கள், எந்த மாதத்தில் திரும்பினார்கள் என்பதையும் பெயரோடு சேர்த்தே எழுத வேண்டும். அந்த உழைப்பு பதிவானால்தான் பெயரின் பொருள் பதிவானதாகும்.