இருவேல்பட்டும் ஒரு கேள்வித்தாளும்

ஒரு நாட்டின் வறுமையைப் பற்றித் தெரிந்துகொள்ள எங்கே போக வேண்டும்? தலைநகரத்துக் கோப்புகளுக்கா, கிராமத்துத் தெருவுக்கா? தமிழகத்தில் தொண்ணூறு ஆண்டுகளுக்கும் மேல் விட்டு விட்டு நடந்த ஓர் ஆய்வு இதற்கு விடை சொல்கிறது.

1915-ல் சென்னைப் பல்கலைக்கழகத்தில் பொருளாதாரப் பேராசிரியராகச் சேர்ந்தவர் கில்பர்ட் ஸ்லேட்டர். இங்கிலாந்தில் ஊர்ப் பொது வயல்கள் வேலியிடப்பட்டுத் தனியார் கைக்குப் போன வரலாற்றை ஏற்கனவே ஆராய்ந்து நூல் எழுதியவர் அவர். இங்கே அவர் செய்த காரியம் மிக எளிமையானது. மாணவர்களின் கையில் ஒரு கேள்வித்தாளைக் கொடுத்துக் கிராமங்களுக்கு அனுப்பினார். நிலம் யாரிடம் இருக்கிறது? என்ன விளைகிறது? கூலி எவ்வளவு? கடன் எவ்வளவு?

ஆம், அந்த ஆய்வாளர்கள் கல்லூரி மாணவர்கள்தான்! அவர்கள் கொண்டுவந்த விவரங்கள் 1918-ல் ஆங்கில நூலாக வெளிவந்தன. இருவேல்பட்டு, தூசி, கங்கைகொண்டான் முதலிய ஊர்கள் அதில் இடம்பெற்றன.

அன்றைய தென்னார்க்காடு மாவட்டத்தில் இருந்த இருவேல்பட்டில் தெரியவந்தது 'படியாள்' முறை. திருமணம் போன்ற செலவுக்கு நிலக்காரரிடம் கடன் வாங்கிய தொழிலாளி, அந்தக் கடனுக்காக அவரிடமே வேலை செய்வார். கடன் அடையாது. தகப்பனுக்குப் பின் மகன் தலையில் அது விழும். வட்டிக்குப் பதில் வாழ்க்கையே போய்விடும்.

ஸ்லேட்டரோடு இது முடிந்திருந்தால் பழைய புத்தகமாகத் தூசி படிந்திருக்கும். ஆனால் 1936-37-ல் பி.ஜே. தாமஸ், கே.சி. ராமகிருஷ்ணன் ஆகியோரின் தலைமையில் அதே ஊர்களில் மறு ஆய்வு நடந்தது. 1960-களிலும் 1980-களிலும் மீண்டும் ஆய்வாளர்கள் சென்றனர். 2008-ல் ஜான் ஹாரிஸ், ஜெ. ஜெயரஞ்சன், கே. நாகராஜ் ஆகியோர் இருவேல்பட்டுக்குப் போனார்கள்.

இடைப்பட்ட காலத்தில் சட்டங்கள் பல வந்தன. 1961-ன் நில உச்சவரம்புச் சட்டம் ஒரு குடும்பத்துக்கு 30 தர ஏக்கர் என்றது. 1970-ல் அது 15 ஆகக் குறைக்கப்பட்டது. 1976-ல் கொத்தடிமை ஒழிப்புச் சட்டம் வந்தது. ஊரில் என்ன மாறியிருந்தது?

படியாள் முறை மறைந்திருந்தது. பெருநிலக்காரர்களின் பிடி தளர்ந்திருந்தது. விவசாயத்துக்கு வெளியே கிடைத்த வேலைகளும் அரசின் நலத்திட்டங்களும் ஒரே எஜமானரை நம்பி வாழும் நிலையைக் குறைத்திருந்தன. ஆனால் தலித் குடும்பங்களில் பெரும்பாலோருக்கு அப்போதும் சொல்லும்படியான நிலம் இல்லை. கட்டு அவிழ்ந்தது, காணி கிடைக்கவில்லை.

இந்த இரண்டையும் சேர்த்துப் பார்க்க முடிந்ததற்குக் காரணம் 1916-ன் கணக்கு கையில் இருந்ததுதான். வறுமை ஒழிப்புத் திட்டங்களைச் சோதனை முறையில் அளக்கும் ஆய்வுகளுக்காக 2019-ல் அபிஜித் பானர்ஜி, எஸ்தர் டஃப்லோ, மைக்கேல் கிரீமர் ஆகியோருக்குப் பொருளாதார நோபல் பரிசு கிடைத்தது. ஒரு திட்டம் பலன் தந்ததா என்பதைச் சில ஆண்டுகளில் சொல்ல அத்தகைய சோதனைகள் உதவும். ஆனால் பாட்டன் பட்ட கடன் பேரனை விட்டதா என்று அறிய, அதே ஊருக்குத் திரும்பத் திரும்பப் போவதைத் தவிர வேறு வழியில்லை.

அந்த வழியைத் தொடங்கி வைத்தவை சில மாணவர்களின் நோட்டுப் புத்தகங்கள் என்பது மறக்கக் கூடாத செய்தி.