தாது வருஷமும் ஏரி மதகும்

செங்கல்பட்டிலிருந்து மதுராந்தகம் போகிற ஜி.எஸ்.டி. சாலையில் படாளம் கூட்ரோடு வரும். வேடந்தாங்கல் போகிறவர்கள் இங்கேதான் திரும்புவார்கள். கூட்டுறவு சர்க்கரை ஆலையும் இந்த ஊரில்தான். சுற்றிலும் ஏரிப் பாசனம். ஏரி நிரம்பினால் சோறு, காய்ந்தால் கடன். இதுதான் இந்த வட்டாரத்தின் பல நூற்றாண்டுச் சுருக்கம்.

1876-ல் ஏரிகள் காய்ந்தன. தமிழில் அது தாது வருஷம். பேர் அப்படியே ஒட்டிக்கொண்டது: தாது வருஷப் பஞ்சம். 1878 வரை நீடித்த அந்தப் பஞ்சத்தில், பிரிட்டிஷ் ஆட்சிப் பகுதிகளில் மட்டும் 50 லட்சம் பேருக்கு மேல் செத்தார்கள் என்பது பரவலாகச் சொல்லப்படும் கணக்கு. 1877 ஜனவரி 1 அன்று வைஸ்ராய் லிட்டன் டெல்லியில் விக்டோரியாவைப் பேரரசியாக அறிவித்து தர்பார் நடத்திக்கொண்டிருந்தார். அதே மாதம் சென்னை மாகாணத்துக்கு வந்த ரிச்சர்ட் டெம்பிள், நிவாரண வேலை செய்கிற ஆளுக்கு ஒரு நாளைக்கு ஒரு ராத்தல் தானியமும் கொஞ்சம் காசும் போதும் என்றார். ஒரு ராத்தல் என்றால் சுமார் 450 கிராம். நாள் முழுக்க மண் வெட்டுகிற உடம்புக்கு! மாகாணத்தின் சுகாதார ஆணையர் கார்னிஷ் எதிர்த்தார். இது மெதுவாகக் கொல்லும் கூலி என்பதுதான் அவருடைய வாதத்தின் சாரம். சில மாதங்கள் கழித்தே கூலி உயர்ந்தது.

அன்றைக்கு கவர்னர் பக்கிங்ஹாம் கோமகன். கோவளத்தையும் மாமல்லபுரத்தையும் தொட்டு மரக்காணம் பக்கம் போகிற கால்வாய்க்கு அவர் பேர்தான். சென்னைக்குள் கூவத்தையும் அடையாற்றையும் இணைக்கிற துண்டு 1877-78-ல் பஞ்ச நிவாரண வேலையாக வெட்டப்பட்டது. வெட்டியவர்களில் கர்ப்பிணிகள் இருந்திருப்பார்கள். குழந்தைகள் இருந்திருப்பார்கள். அந்தக் குழந்தைகள் வளர்ந்து என்ன ஆனார்கள்?

சரி, இதுக்கும் டிப்ரஷனுக்கும் என்ன சம்பந்தம்னு கேட்கலாம். சம்பந்தம் வேறொரு பஞ்சத்தில் இருக்கிறது.

1944-45 குளிர்காலத்தில் ஜெர்மன் ராணுவம் நெதர்லாந்தின் மேற்குப் பகுதிக்கு உணவு போகாமல் தடுத்தது. அந்தப் பட்டினிக்குத் தெளிவான தொடக்கமும் முடிவும் உண்டு. பிறப்புப் பதிவேடுகளும் ரேஷன் கணக்கும் பத்திரமாக இருந்தன. அதனால் யார் எந்த மாதத்தில் கருவில் இருந்தார் என்பதைப் பின்னால் கண்டுபிடிக்க முடிந்தது. கருவின் பிற்பாதியில் பட்டினி கண்டவர்களில், மருத்துவமனையில் சேர்க்கும் அளவுக்கான மனநிலை நோய்கள் கூடுதலாக இருந்ததை 2000-ல் ஓர் ஆய்வு காட்டியது. 2008-ல் ஹெய்ஸ்மன்ஸ் குழு, கரு உருவான சமயத்தில் பட்டினி கண்ட 60 பேரை எடுத்து, பட்டினி காணாத அவர்களுடைய உடன்பிறந்தவர்களோடு ஒப்பிட்டது. வளர்ச்சி சார்ந்த ஒரு மரபணுவில் மெத்தில் ஒட்டுகள் குறைவாக இருந்தன. அறுபது வருஷம் கழித்தும்!

மெத்தில் ஒட்டு என்றால் என்ன? மதுராந்தகம் ஏரியையே எடுத்துக்கொள்வோம். தண்ணீர் அதேதான். எந்த மதகைத் திறக்கிறோம், எதை அடைக்கிறோம் என்பதை வைத்துத்தான் எந்த வயல் நனையும் என்பது முடிவாகிறது. மரபணு எழுத்துக்கள் ஏரித் தண்ணீர் மாதிரி, அவை மாறுவதில்லை. மெத்தில் என்கிற சின்ன வேதிப்பொருள் மதகுப் பலகை மாதிரி. பல இடங்களில் அது ஒட்டினால் அங்குள்ள மரபணு வாசிக்கப்படுவது குறைகிறது. இந்த மதகு வேலையைப் படிப்பதுதான் எபிஜெனெட்டிக்ஸ்.

2004-ல் மாண்ட்ரியாலில் மைக்கேல் மீனியும் மோஷே ஸிஃபும் எலிகளில் இதைக் காட்டினார்கள். குட்டியை நிறைய நக்கிக் கொஞ்சுகிற தாய் எலிகள் உண்டு, அவ்வளவாகக் கவனிக்காத தாய்களும் உண்டு. கவனிப்பு குறைந்த குட்டிகளின் மூளையில், ஹிப்போகாம்பஸ் பகுதியில், கார்ட்டிசால் வகை ஹார்மோனை உணர்கிற ஏற்பிக்கான மரபணுவில் மெத்தில் கூடுதல். அந்த ஏற்பி ஏரியின் கலங்கல் மாதிரி. பதற்றம் அளவுக்கு மீறினால் ‘போதும், நிறுத்து’ என்று வழித்துவிடுவது அதன் வேலை. கலங்கல் சின்னதாகிவிட்டால் சின்ன மழைக்கே கரை நடுங்கும்.

2009-ல் அதே வட்டாரத்து ஆய்வாளர்கள் 36 மனித மூளைகளைப் பார்த்தார்கள். தற்கொலை செய்துகொண்டு, சிறுவயதில் வதையும் அனுபவித்தவர்கள் 12 பேர். வதை அனுபவிக்காமல் தற்கொலை செய்தவர்கள் 12 பேர். வேறு காரணத்தால் இறந்தவர்கள் 12 பேர். முதல் கூட்டத்தில் மட்டும் அதே மரபணுவில் மெத்தில் கூடியிருந்தது. முப்பத்தாறே மூளைகள்தான். ஆனால் சிறுவயதுத் துன்பத்துக்கும் பிற்கால மனச்சோர்வுக்கும் உள்ள தொடர்பை 1998-லேயே ஃபெலிட்டி குழு கலிஃபோர்னியாவில் 9,000-க்கும் மேற்பட்டவர்களிடம் கேட்டுக் காட்டியிருந்தது. ஆக, தொடர்பு பழைய செய்தி. உடம்புக்குள் அது எந்த வழியாகப் போகிறது என்பதற்குத்தான் மெத்தில் ஒரு தடயம்.

இந்த இடத்தில் ஒரு சபலம் வரும். ‘தாது வருஷத்துப் பசி நம்ம ரத்தத்துல இன்னும் ஓடுது’ என்று எழுதினால் வாசகர்கள் ஷேர் பண்ணுவார்கள். ஆனால் அதற்கு ஆதாரம் இல்லை. கர்ப்பிணி பட்டினி கிடந்தால் அவளும், கருவும், கருவுக்குள் உருவாகிற முட்டைகளும் அந்தப் பட்டினியை நேரடியாகவே சந்திக்கின்றன. அதுவே மூன்று தலைமுறை. அதைத் தாண்டி மெத்தில் ஒட்டு மனிதர்களில் போகிறது என்று நிரூபணமாகவில்லை. முட்டையும் விந்தும் உருவாகும்போது பெரும்பாலான ஒட்டுகள் அழிக்கப்பட்டுவிடுகின்றன.

அப்படியானால் துன்பம் எப்படித் தலைமுறை தாண்டியது? அதற்கான பதில் ஆய்வகத்தில் இல்லை, செங்கல்பட்டு கலெக்டர் ஆபீஸ் காகிதத்தில் இருக்கிறது. பஞ்சம் முடிந்து பதின்மூன்று வருஷம் கழித்து, 1891-ல், கலெக்டர் ட்ரெமென்ஹீர் இந்த மாவட்டத்துப் பறையர்களின் நிலை பற்றி ஓர் அறிக்கை எழுதினார். மிராசுதார்களின் பிடியில் நிலம். குடியிருக்கிற மனைகூடச் சொந்தமில்லை. படியாள் வாங்கிய சின்னக் கடனுக்கு உழைப்பே அடமானம், அப்பன் கடன் பிள்ளை தலையில். அந்த அறிக்கையிலிருந்துதான் 1892-ன் அரசாணையும் பஞ்சமி நிலமும் வந்தன. பத்து வருஷத்துக்கு விற்கக் கூடாது, அதற்குப் பிறகும் ஒடுக்கப்பட்ட சாதியாருக்கு மட்டுமே விற்கலாம் என்ற நிபந்தனையோடு கொடுத்த நிலம் அது. பின்னால் அதில் பெரும் பகுதி கைமாறியது. மாமல்லபுரம் பக்கத்துக் காரணையில் அந்த நிலத்தைக் கேட்டு எழுந்த போராட்டத்தில் 1994 அக்டோபர் 10 அன்று போலீஸ் சுட்டு ஜான் தாமஸ், ஏழுமலை இருவரும் இறந்தார்கள். நிலம் போன கதை நூறு வருஷம் தாண்டியும் சாவில் வந்து நின்றது.

துன்பம் மரபணு வழியாக வரணும்னு அவசியமே இல்லை. கடன் பத்திரம் வழியாக வந்தால் போதும். ஒவ்வொரு தலைமுறையிலும் குழந்தையின் மதகை மறுபடியும் புதிதாக அடைக்க ஆள் இருந்தால், எந்த ஒட்டும் பரம்பரையாக வரத் தேவையில்லை. கொத்தடிமை முறை ஒழிப்புச் சட்டம் வந்தது 1976-ல். தாது வருஷத்திலிருந்து சரியாக நூறு வருஷம். அதற்குப் பிறகும் இதே வட்டாரத்து அரிசி ஆலைகளிலிருந்தும் செங்கல் சூளைகளிலிருந்தும் இருளர் குடும்பங்களை அதிகாரிகள் மீட்ட செய்திகள் வந்துகொண்டேதான் இருந்தன. முன்பணம் வாங்கியவர் அப்பா. நெல் களத்தில் வளர்ந்தது பிள்ளை.

இந்த வேறுபாடு வெறும் கல்வி விவாதம் இல்லை. ‘இவங்க மரபணுவிலேயே அடி விழுந்திருக்கு’ என்று சொல்வதற்கும் ‘இவங்க பிறப்பே அப்படி’ என்று சொல்வதற்கும் நடுவில் ரொம்ப தூரமில்லை. முன்னே விதி என்றார்கள், இப்போது மெத்தில் என்பார்கள். நாளைக்கு ஒரு பள்ளிக்கூடத்தில் சோர்ந்து உட்கார்ந்திருக்கிற பையனைப் பார்த்து, ‘சோம்பேறி’ என்பதற்குப் பதிலாக அறிவியல் வார்த்தையில் அதையே சொன்னால் அவனுக்கு என்ன லாபம்?

மாண்ட்ரியால் எலிகளில் அதிகம் பேசப்படாத பாதி ஒன்று உண்டு. கவனிப்பு குறைந்த தாயின் குட்டியைப் பிறந்த உடனே கொஞ்சுகிற தாயிடம் மாற்றி விட்டார்கள். ஒட்டு மாறியது. வளர்ந்த எலியின் மூளையில் ஒரு மருந்தைச் செலுத்தினார்கள். அப்போதும் மாறியது. எலிக்குச் செய்ததை மனிதனுக்கு அப்படியே பொருத்த முடியாது. ஆனால் மனிதர்களிலும் ஒரு தற்செயல் சோதனை நடந்தது. 1990-களில் அமெரிக்காவின் வட கரோலினாவில் செரோக்கி பழங்குடியினர் ஒரு சூதாட்ட விடுதி திறந்து, லாபத்தை எல்லாக் குடும்பங்களுக்கும் பகிர்ந்தார்கள். வறுமையிலிருந்து வெளியேறிய குடும்பத்துப் பிள்ளைகளின் நடத்தைச் சிக்கல்கள், எப்போதுமே ஏழையாக இராத பிள்ளைகளின் அளவுக்குக் குறைந்தன. மனச்சோர்வும் பதற்றமும் அவ்வளவு சுலபமாக அசையவில்லை. பணம் எல்லாவற்றையும் ஆற்றாது, ஆனால் சிலதை ஆற்றும்.

அந்தக் கண்ணோடு நம் அரசாணைகளை மறுபடி வாசித்துப் பார்க்கலாம். 1892-ன் நிலம், 1956-ன் மதிய உணவு, 1982-ன் சத்துணவு, 2022-ன் காலை உணவு. இவற்றை நலத்திட்டம் என்கிறோம், சிலர் இலவசம் என்கிறார்கள். ஒரு ராத்தல் போதும் என்று டெம்பிள் சொன்னபோது, பசித்த உடம்பின் சார்பாகக் கணக்குப் போட்டு எதிர்த்தவர் ஒரு மருத்துவர். குழந்தையின் தட்டில் என்ன விழுகிறது, அப்பாவின் பேரில் எவ்வளவு கடன் நிற்கிறது, வீட்டு மனைக்குப் பட்டா உண்டா என்பதெல்லாம் மனநல மருத்துவமும்தான். மதகுப் பலகையை இறக்கியது மனிதக் கைகள். ஏற்றவும் கைகள்தான் வேண்டும்.