வீட்டுக் கடனும் அரசின் காவலும்

சொந்த வீடு என்பது எளிய மனிதனின் வாழ்நாள் உழைப்பு. அவ்வுழைப்பு கடனுக்கு ஈடாகும்போது, கடன் கொடுப்போரைக் கண்காணிப்பது அரசின் கடமையாகிறது. சிங்கப்பூரின் வரலாறு இதற்கு நல்லதொரு சான்றாகும்.

1964ஆம் ஆண்டில் வீடமைப்பு வளர்ச்சிக் கழகம் சொந்த வீட்டுத் திட்டத்தைத் தொடங்கியது. குவீன்ஸ்டவுனில் அன்று மூவறை வீட்டின் விலை 6,200 வெள்ளி. 1968 முதல் மத்திய சேமநிதியைக் கொண்டே வீட்டுக்குப் பணம் செலுத்தும் வழியும் பிறந்தது.

விலை ஏற ஏறக் கடனும் பெருகியது. திருப்பிக் கட்டும் ஆற்றலை ஆராயாது கடன் வழங்கியதால் அமெரிக்காவில் 2008ஆம் ஆண்டை ஒட்டிப் பல இலட்சம் குடும்பங்கள் வீடிழந்தன. சிங்கப்பூர் நாணய ஆணையமோ, தொடக்கத்தில் வட்டியை மட்டும் கட்டச் சொல்லும் வீட்டுக் கடன்களை 2009இல் தடை செய்தது.

2013இல் மற்றொரு வரம்பு வந்தது. ஒருவரின் எல்லாக் கடன் தவணைகளும் சேர்ந்து மாத வருமானத்தில் 60 விழுக்காட்டை மிஞ்சலாகாது என்பதே அது. 2021இல் அது 55 ஆகக் குறைந்தது. 6,000 வெள்ளி ஈட்டுபவருக்கு 3,300 வெள்ளியே எல்லை. கார்க்கடனுக்கு 800 போனால் வீட்டுக்கு 2,500தான். நடப்பு வட்டி குறைவாயினும், உயர்ந்த வட்டியைக் கொண்டே வங்கி கணக்கிட வேண்டும்.

விரும்பிய வீட்டை வாங்க இது தடையன்றோ எனக் குறைகூறுவோரும் உளர். ஆயினும், வட்டி உயரும் நாளில் வீட்டை இழந்து நிற்பதினும், வாங்கும் நாளில் சற்றுச் சிறிய வீட்டோடு அமைவதே நன்று. வெள்ளம் வருமுன் போட்ட அணையே ஊரைக் காக்கும்.