பழைய பிக்கப்பும் மாற்று கன்வெர்ட்டரும்: ஒரு சிறு வரலாறு

என் பிக்கப் 1997ஆம் ஆண்டு மாடல். போன வருடம் அதன் கேட்டலிட்டிக் கன்வெர்ட்டரை மாற்ற வேண்டி வந்தது. அதிலிருந்து நண்பர்கள் நான்கைந்து பேர் ஒரே கேள்வியைக் கேட்டுவிட்டார்கள். "பக்கத்து மாநிலத்துக்காரன் சில நூறு டாலரில் முடித்துவிடுகிறான். கலிபோர்னியாவில் இருக்கும் நாம் மட்டும் ஏன் அதைப்போல் சில மடங்கு கொடுக்க வேண்டும்? இது பகல் கொள்ளை இல்லையா?" ஓய்வூதியத்தில் காலம் தள்ளுகிறவர்களுக்கு நியாயமான கேள்விதான். ஆனால் இதற்குப் பதில் கடைக்காரரிடம் இல்லை, வரலாற்றில் இருக்கிறது.

1943 ஜூலையில் ஒருநாள் லாஸ் ஏஞ்சலஸ் நகரை எரிச்சலூட்டும் ஒரு மூட்டம் சூழ்ந்தது. கண்ணில் நீர் வழிந்தது, தொண்டை கரகரத்தது. யுத்த காலம் என்பதால் ஜப்பான்காரன் விஷப்புகை போட்டுவிட்டானோ என்றுகூடச் சிலர் பயந்தார்கள். பிறகு செயற்கை ரப்பருக்கு மூலப்பொருள் செய்த ஒரு தொழிற்சாலையின் மேல் பழி விழுந்தது. அதை மூடிய பிறகும் மூட்டம் போகவில்லை.

உண்மையைக் கண்டுபிடித்தவர் ஹாகன்-ஸ்மிட் என்ற டச்சு வேதியியலாளர். கால்டெக்கில் அன்னாசிப்பழத்தின் மணத்தை ஆராய்ந்துகொண்டிருந்தவர். கார்களும் எண்ணெய்ச் சுத்திகரிப்பு ஆலைகளும் வெளியே விடும் வாயுக்கள் வெயில் பட்டு ஓசோனாக மாறுகின்றன என்று 1950ஐ ஒட்டிய ஆண்டுகளில் அவர் காட்டினார். பின்னாளில் கலிபோர்னியாவின் காற்று வள வாரியத்துக்கு முதல் தலைவரானவரும் அவர்தான்.

நோய் தெரிந்துவிட்டது. மருந்தும் கிட்டத்தட்டத் தயாராக இருந்தது. பிரான்சிலிருந்து அமெரிக்கா வந்த யூஜின் ஹூட்ரி என்ற பொறியாளர் 1950களிலேயே காருக்கான கன்வெர்ட்டரை வடிவமைத்துவிட்டார். அதன் உள்ளே இருப்பது வினையூக்கி. நம் ஊர்க் கல்யாணத் தரகரைப் போல என்று வைத்துக்கொள்ளுங்கள். இரண்டு தரப்பையும் சேர்த்து வைத்துவிட்டு, தான் மாறாமல் அடுத்த இடத்துக்குப் போய்விடும். ஆனால் அன்றைய பெட்ரோலில் ஈயம் கலந்திருந்தது. ஈயம் படிந்தால் தரகர் படுத்துவிடுவார். ஹூட்ரி 1962இல் காலமானார். தன் கண்டுபிடிப்பு கார்களில் ஏறியதை அவர் பார்க்கவில்லை.

1970 கடைசி நாளில் அதிபர் நிக்சன் கையெழுத்திட்ட தூய காற்றுச் சட்டம்தான் ஈயத்தை விரட்டத் தொடங்கியது. 1974 ஜூலையிலிருந்து பெரும்பாலான பெட்ரோல் பங்க்குகளில் ஈயமில்லாத பெட்ரோலும் விற்றாக வேண்டும் என்றார்கள். 1975 மாடல் கார்களில் கன்வெர்ட்டர் வந்தது.

இங்கேதான் பிக்கப்பின் கதை வேடிக்கையாகிறது. சுமையோடு சேர்த்து மொத்த எடை 6,000 பவுண்டுக்கு மேல் போகும் வண்டிகளுக்கு அந்த விதி இல்லை. ஃபோர்டு கம்பெனி 1975இல் அந்தக் கோட்டைக் கொஞ்சமே தாண்டும்படி ஒரு வண்டியை இறக்கியது. அதுதான் புகழ்பெற்ற எஃப்-150. கன்வெர்ட்டர் வேண்டாம், பழைய பெட்ரோலே போதும் என்று மக்கள் விரும்பி வாங்கினார்கள். 1979இல் அரசு அந்த எல்லையை 8,500 பவுண்டுக்கு உயர்த்திச் சந்தை அடைத்தது.

முதலில் வந்த கன்வெர்ட்டர்கள் கார்பன் மோனாக்சைடையும் எரியாத பெட்ரோல் ஆவியையும் மட்டும் கவனித்தன. நைட்ரஜன் ஆக்சைடையும் சேர்த்து மூன்றையும் அடக்கும் வகை 1977 மாடல் வால்வோ கார்களில், ஆக்சிஜன் சென்சாரோடு கலிபோர்னியாவுக்கு வந்தது.

அந்த நாட்களில் பலர் கன்வெர்ட்டரைக் கழற்றி எறிந்துவிட்டு வெறும் குழாயை வைத்து ஓட்டினார்கள். வண்டிக் கம்பெனியின் ஒரிஜினல் விலை அதிகம் என்பது ஒரு காரணம். இதைப் பார்த்துத்தான் 1986இல் மத்திய அரசின் சுற்றுச்சூழல் அமைப்பு, பிற கம்பெனிகள் செய்யும் மலிவான ஆஃப்டர்மார்க்கெட் கன்வெர்ட்டர்களுக்கு வழி திறந்தது. 25,000 மைல் வரை, ஆவியிலும் கார்பன் மோனாக்சைடிலும் 70 சதவீதம், நைட்ரஜன் ஆக்சைடில் 30 சதவீதம் குறைத்தால் போதும் என்றது. ஒன்றுமே இல்லாததற்கு இதாவது இருக்கட்டும் என்ற கணக்கு.

அந்தக் கணக்கு 1996 மாடலோடு சிக்கலானது. அந்த ஆண்டிலிருந்து எல்லாப் புதிய கார்களிலும் சிறிய பிக்கப்களிலும் ஓபிடி-2 கம்ப்யூட்டர் கட்டாயம். கன்வெர்ட்டருக்கு முன்னால் ஒரு சென்சார், பின்னால் ஒரு சென்சார். உள்ளே இருக்கும் சீரியம் ஆக்சைடு ஆக்சிஜனைப் பிடித்து வைத்துக்கொண்டு, தேவைப்படும்போது விடும். அந்தச் சேமிப்பு குறைந்தால் பின் சென்சாரும் முன் சென்சாரைப் போலவே துள்ளும். உடனே பி0420 என்ற எண்ணோடு விளக்கு எரியும். மலிவான சரக்கில் பிளாட்டினம், பல்லேடியம், ரோடியம், சீரியம் எல்லாமே குறைவாகத்தான் போடுவார்கள். விலை வித்தியாசத்தின் பெரும் பகுதி இதுதான். எனவேதான் கலிபோர்னியா 2009 ஜனவரி முதல் தன் விதியை இறுக்கியது. ஓபிடி-2 வண்டிக்கு ஏற்றது என்று சோதனையில் நிரூபிக்க வேண்டும், 5 ஆண்டு அல்லது 50,000 மைல் உத்தரவாதம் தர வேண்டும், பழைய கன்வெர்ட்டரை இன்னொரு வண்டியில் மாட்டக் கூடாது.

என் நண்பர் ஒருவர் வெளிமாநிலத்திலிருந்து மலிவான ஒன்றை வரவழைத்துத் தெரிந்தவரைக் கொண்டு வெல்டிங் செய்துகொண்டார். மூன்றே மாதத்தில் விளக்கு எரிந்தது. ஸ்மாக் செக்கில், மேல் தகட்டில் அனுமதி எண் இல்லை என்று திருப்பி அனுப்பினார்கள். கடைசியில் விலை கூடியதையும் வாங்கினார். பென்ஷன் பணத்தில் இரண்டு செலவு.

ஆகவே, வாங்கப் போகிறவர்களுக்குச் சில வார்த்தைகள். முதலில், பழையது ஏன் கெட்டது என்று பாருங்கள். சிலிண்டர் சரியாக எரியாவிட்டால் எரியாத பெட்ரோல் போய் உள்ளே இருக்கும் தேன்கூட்டை உருக்கிவிடும். என்ஜின் ஆயில் குடித்தால் அதிலுள்ள பாஸ்பரஸ் படிந்து செயலிழக்கும். அதைச் சரிசெய்யாமல் புதியதைப் போட்டால் அதுவும் அதே வழியில் போகும். குழாயில் ஓட்டை இருந்தாலும் பி0420 வரும், அதையும் சோதிக்கச் சொல்லுங்கள்.

இரண்டாவது, பானெட்டைத் திறந்து உள்ளே ஒட்டியிருக்கும் லேபிளைப் படியுங்கள். வண்டி கலிபோர்னியா விதிப்படி செய்ததா, மத்திய அரசு விதிப்படி செய்ததா என்பதும் என்ஜின் குடும்ப எண்ணும் அதில் இருக்கும். ஒரே ஆண்டு, ஒரே மாடல் என்றாலும் இது மாறலாம். பார்வைக்குப் பொருந்துகிறது என்பது போதாது. அந்தக் குடும்ப எண்ணுக்கு அனுமதி உள்ளதா என்பதைக் காற்று வள வாரியத்தின் பட்டியலில் தேடிப் பாருங்கள்.

மூன்றாவது, மாட்டும்போது தகட்டில் பொறித்த எண்ணும், புகை போகும் திசையைக் காட்டும் அம்புக்குறியும் தெளிவாக இருக்கின்றனவா என்று கண்ணால் பாருங்கள். ரசீதைப் பத்திரப்படுத்துங்கள். உத்தரவாதத்துக்கு மட்டுமல்ல, திருட்டு அதிகமான இந்தக் காலத்தில் அது உங்கள் பொருள் என்பதற்கும் அதுவே சாட்சி.

சென்னையில் இருந்த நண்பர்களுக்கு ஒரு நினைவு. 1995 ஏப்ரல் 1 முதல் சென்னை உள்ளிட்ட நான்கு பெருநகரங்களில் புதிய பெட்ரோல் கார்களுக்கு கன்வெர்ட்டர் கட்டாயமாகி, ஈயமில்லாத பெட்ரோலும் வந்தது. அமெரிக்கா நடந்த அதே வழியில் இருபது ஆண்டு கழித்து நம் ஊரும் நடந்தது.

இனி யாராவது இது பகல் கொள்ளை என்றால், விலையில் பாதி உள்ளே இருக்கும் உலோகத்துக்கும் மீதி அந்தத் தகட்டு எண்ணுக்கும் என்று சொல்கிறேன். உங்கள் வண்டி லேபிளில் ஏதாவது புரியாவிட்டால் எழுதிக் கேளுங்கள், தெரிந்த வரையில் சொல்கிறேன்.