இடிபாடும் மீள்கட்டுமானமும்: பலாட்டினேட் மலைக்கோட்டைகளைக் காணுதலின் வரலாறு

ஆய்வுச் சுருக்கம்

ஜெர்மனியின் பலாட்டினேட் காட்டுப் பகுதியில் உள்ள மலைக்கோட்டைகள் இடைக்காலத்தின் எச்சங்களாகவே பயணிகளுக்கு அறிமுகப்படுத்தப்படுகின்றன. அவற்றின் இன்றைய தோற்றத்தைப் பெருமளவு தீர்மானித்தவை 19, 20ஆம் நூற்றாண்டுகளின் அரசியல் தேவைகளே என்பதை ஹம்பாக், ட்ரிஃபெல்ஸ் ஆகிய இரு கோட்டைகளின் வரலாற்றைக் கொண்டு இக்கட்டுரை நிறுவ முயல்கிறது. கோட்டைகளுக்கு ஏறிச்செல்லும் வழக்கமும் ஒயின் வணிகமும் இவ்வரலாற்றில் பிணைந்திருக்கும் முறையும் ஆராயப்படுகிறது.

திறவுச்சொற்கள்: பலாட்டினேட், மலைக்கோட்டை, இடிபாடு, மீள்கட்டுமானம், ஹம்பாக் விழா, ட்ரிஃபெல்ஸ், ஒயின் சாலை.

முன்னுரை

ரைன் ஆற்றின் மேற்குக் கரைச் சமவெளி முடிந்து மலை எழும் இடத்தில் வடக்கு தெற்காக நீண்டு செல்லும் விளிம்பு ஹார்ட் எனப்படுகிறது. விளிம்புக்குக் கீழே திராட்சைத் தோட்டங்கள்; மேலே, மேற்கு நோக்கி, ஏறத்தாழ 1,800 சதுர கிலோமீட்டர் பரப்பில் பலாட்டினேட் காடு. அதன் தெற்குத் தொடர்ச்சியே பிரான்சின் வோஷ் மலைகள். மலைகள் மேற்கிலிருந்து வரும் மழையைத் தடுத்துவிடுவதால் விளிம்பை ஒட்டிய சரிவுகள் வெதுவெதுப்பாக இருக்கின்றன. அத்தியும் பாதாமும் அங்கே விளைகின்றன. காட்டுக்கும் தோட்டத்துக்கும் நடுவே கஷ்கொட்டை மரங்கள் ஒரு பட்டையாக நிற்கின்றன. அவற்றின் உறுதியான மரம் திராட்சைக் கொடிகளுக்கு ஊன்றுகம்பமாகப் பயன்பட்டது. காடும் ஒயினும் ஒன்றையொன்று சார்ந்து வளர்ந்த நிலம் இது. ஹம்பாக் கோட்டையின் பழம்பெயரான கெஸ்டன்பர்க் என்பதும் கஷ்கொட்டை மரத்தினின்று வந்ததே.

இங்குக் கோட்டை என்ற சொல்லைக் குறித்து ஒரு விளக்கம் தேவை. செஞ்சியையும் வேலூரையும் அறிந்த தமிழ் வாசகருக்கு அச்சொல் படையும் மக்களும் அடங்கிய பெரும் மதில்வளாகத்தையே நினைவூட்டும். ஜெர்மன் மொழியில் பர்க் என்பது பெரும்பாலும் ஒரு பிரபுக் குடும்பமோ, அரசரின் பணியாளரோ வாழ்ந்த அரண் செய்யப்பட்ட வீடு. சில வேளைகளில் ஒரு பாறையின் உச்சியளவே அதன் பரப்பு. பலாட்டினேட்டின் செம்மணற்கல் எளிதில் குடையத்தக்கது. ஆதலால் டான் நகரை ஒட்டிய கோட்டைகளில் அறைகளும் படிகளும் பாறைக்குள்ளேயே வெட்டப்பட்டிருக்கின்றன. கட்டடம் எங்கே முடிந்து மலை எங்கே தொடங்குகிறது என்று பிரித்தறிவது கடினம்.

இடித்தவர் யார்?

இப்பகுதியின் இடிபாடுகளுக்கெல்லாம் பிரெஞ்சுப் படைகளே காரணம் என்னும் கருத்து 19ஆம் நூற்றாண்டுத் தேசியவாத நினைவில் ஆழ வேரூன்றியது. அதற்கு அடிப்படை இல்லாமலில்லை. பதினான்காம் லூயியின் படைகள் 1680இல் மாடன்பர்க்கை அழித்தன. 1688இல் தொடங்கிய ஒன்பதாண்டுப் போரில் ஷ்பையர், ஹைடல்பெர்க் முதலிய நகரங்களோடு ஹம்பாக் கோட்டையையும் எரித்தன. புரட்சிக்காலப் பிரெஞ்சுப் படைகள் 1794இல் ஹார்டன்பர்க்கை அழித்தன. எனினும் அழிவுகளைக் கால வரிசையில் அடுக்கிப் பார்த்தால் வேறொரு சித்திரம் கிடைக்கிறது. லிம்பர்க் மடாலயத்தை 1504இல் எரித்தவர்கள் பக்கத்து லைனிங்கன் பிரபுவின் ஆட்கள். புசன்பெர்க் அருகிலுள்ள டிராகன்ஃபெல்ஸ் 1523இல் ஜெர்மன் இளவரசர்களாலேயே தகர்க்கப்பட்டது. அவர்களை எதிர்த்துப் போரிட்டுத் தோற்ற ஃபிரான்ஸ் ஃபான் சிக்கிங்கனோடு அக்கோட்டையின் உரிமையாளர்கள் தொடர்புடையவர்களாக இருந்ததே அதன் குற்றம். லிண்டல்பிரன் 1525 உழவர் போரில் எரிந்தது. அதே ஆண்டில் ஹம்பாக் கோட்டையைச் சூறையாடியவர்களும் அக்கம்பக்கத்து உழவர்களே; அக்கோட்டை அப்போது ஷ்பையர் ஆயருக்கு உரியதாக இருந்தது. ட்ரிஃபெல்ஸ் 1602இல் இடி விழுந்து எரிந்தது. கூரை போன பின்பு எஞ்சிய சுவர்களைக் குறைத்தவர்கள் வீடு கட்டக் கல் தேடி வந்த ஊர்மக்கள்.

அயல்நாட்டுப் படை இடித்தது என்ற கதை எளிமையானது. அது இடிபாட்டைத் தேசத்தின் காயமாக்குகிறது. உழவர்களும் அயல்பிரபுக்களும் இடித்த கோட்டைகள் அக்கதைக்குள் அடங்குவதில்லை. தங்கள்மேல் வரியும் ஊழியமும் சுமத்திய வீட்டை எரித்த உழவரின் கோபத்துக்கு அதில் இடமேயில்லை.

ஹம்பாக்: இடிபாட்டில் கூடியவர்கள்

ரைனின் மேற்குக் கரை 1790களின் இறுதியிலிருந்து 1814 வரை பிரான்சின் ஆட்சியில் இருந்தது. திருச்சபை, பிரபுக்கள் ஆகியோரின் சொத்துகள் அரசுடைமையாக்கப்பட்டு விற்கப்பட்டன. பிரெஞ்சுக் குடிமைச் சட்டமும் ஜூரி விசாரணையும் நடைமுறைக்கு வந்தன. 1816இல் பலாட்டினேட் பவேரிய அரசின் பகுதியானபோதும் இச்சட்டங்கள் நீடித்தன. ஆயருக்குரியதாயிருந்த ஹம்பாக் இடிபாடு 1823இல் நோய்ஸ்டாட் நகரக் குடிமக்கள் சிலரின் கைக்கு வந்தது. இவ்வுடைமை மாற்றம் இன்றி 1832ஆம் ஆண்டு நிகழ்வு அங்கே நடந்திருக்குமா என்பது ஐயமே.

அரசியல் கூட்டங்களுக்குத் தடை இருந்தமையால், சீபன்ஃபைஃபர், விர்த் ஆகிய இரு இதழாளர்களும் அவர்களைச் சார்ந்தோரும் விழா என்ற பெயரில் மக்களை அழைத்தனர். அதிகாரிகள் முதலில் தடுத்தனர். எதிர்ப்பு எழுந்ததும் தடையை விலக்கிக்கொண்டனர். 1832ஆம் ஆண்டு மே 27 அன்று நோய்ஸ்டாட் சந்தைச் சதுக்கத்திலிருந்து ஊர்வலம் புறப்பட்டு, திராட்சைத் தோட்டங்களினூடே இடிபாட்டுக்கு ஏறியது. 20,000 முதல் 30,000 பேர் வரை கூடியதாக மதிப்பிடப்படுகிறது. பெண்களும் அழைக்கப்பட்டிருந்தனர். ருசியாவுக்கு எதிரான எழுச்சியில் தோற்று நாடிழந்த போலந்து மக்களும் வந்திருந்தனர். கறுப்பு, சிவப்பு, பொன் நிறக் கொடி ஏற்றப்பட்டது. ஜெர்மன் ஒற்றுமை, பத்திரிகைச் சுதந்திரம், மக்களாட்சி ஆகியன பேசப்பட்டன.

இந்நிகழ்வைப் பற்றிய எழுத்துகள் பெரும்பாலும் அம்மூவண்ணக் கொடியிலேயே நின்றுவிடுகின்றன. ஊர்வலத்தில் கறுப்புக் கொடி ஒன்றும் வந்தது. அதைத் தாங்கி வந்தவர்கள் திராட்சை விவசாயிகள். தங்கள் துயரத்தை அறிவிக்கும் வாசகத்தை அதில் எழுதியிருந்தனர். பிரான்சோடு இணைந்திருந்த காலத்தில் எட்டிய சந்தையை அவர்கள் இழந்திருந்தனர். ஜெர்மன் அரசுகளுக்கிடையே நின்ற சுங்க எல்லைகள் ஒயின் விற்பனையை நெருக்கின. தேசிய ஒற்றுமை என்பது இதழாளருக்கு ஓர் இலட்சியமாக இருந்தபோது, மலையடிவாரத்து விவசாயிக்குப் பீப்பாய் சுங்கமின்றி எல்லை கடப்பதாக இருந்தது. இக்கறுப்புக் கொடியை ஒதுக்கிவிட்டு விழாவை விளக்க இயலாது.

அடக்குமுறை விரைந்து வந்தது. 1832 ஜூலையில் ஜெர்மன் கூட்டமைப்பு கூட்டங்களையும் கொடிகளையும் தடைசெய்தது. சீபன்ஃபைஃபரும் விர்த்தும் 1833இல் லாண்டாவில் ஜூரியின் முன் நிறுத்தப்பட்டு விடுவிக்கப்பட்டனர். பிரெஞ்சு ஆட்சி விட்டுச்சென்ற ஜூரி முறையே இங்கு அவர்களைக் காத்தது எனலாம். பின்னர் அதிகாரிகளை இழிவுபடுத்திய குற்றத்துக்காக ஜூரி இல்லாத நீதிமன்றம் அவர்களுக்குச் சிறைத்தண்டனை விதித்தது. சீபன்ஃபைஃபர் தப்பிச் சுவிட்சர்லாந்து சென்றார்.

பத்தாண்டுகள் கழித்து, 1842இல், அதே இடிபாடு பவேரிய இளவரசர் மாக்சிமிலியனுக்குத் திருமணப் பரிசாக அளிக்கப்பட்டது. அதற்கு மாக்ஸ்பர்க் என்று பெயரும் மாற்றப்பட்டது. அவ்விடத்தின் நினைவை அழிக்க இதனினும் நாகரிகமான வழி இல்லை. கட்டடக்கலைஞர் ஆகஸ்ட் ஃபான் ஃபாய்ட் நவ கோதிக் பாணியில் அரண்மனை வரைந்தார். 1840களில் தொடங்கிய பணி முடிவுறாமலே நின்றது. இன்று சாளர வரிசையுடன் நிமிர்ந்து நிற்கும் முகப்பு இந்த அரச கனவின் மிச்சமே. 1832இல் கூடியவர்கள் அதைக் கண்டதில்லை. விழாவின் 150ஆம் ஆண்டையொட்டி, 1980களின் தொடக்கத்தில்தான் கட்டடம் முழுமையாகச் சீரமைக்கப்பட்டு ஜெர்மன் மக்களாட்சியின் நினைவிடமாயிற்று. 1985இல் அமெரிக்கக் குடியரசுத்தலைவர் ரீகன் அங்கு வந்து இளைஞர்களிடையே உரையாற்றினார். மக்களாட்சியின் தொட்டில் எனப் போற்றப்படும் இடத்தின் சுவர்கள் ஓர் இளவரசருக்காக எழுந்தவை என்ற முரண் அங்கு நிலைத்திருக்கிறது.

ஒயின் சாலையும் ட்ரிஃபெல்ஸும்

ஹார்ட் விளிம்பை ஒட்டிய ஊர்களைக் கோக்கும் ஜெர்மன் ஒயின் சாலை, தெற்கே பிரெஞ்சு எல்லையிலுள்ள ஷ்வைகனிலிருந்து வடக்கே போக்கன்ஹைம் வரை ஏறத்தாழ 85 கிலோமீட்டர் நீள்கிறது. இன்று கோட்டைகளைக் காண வருவோரில் பலர் முதலில் காண்பது இச்சாலையையே. தொன்மையான வணிகப் பாதைபோல் தோன்றும் இது 1935 அக்டோபர் 19 அன்று நாஜிக் கட்சியின் மாவட்டத் தலைவர் யோசஃப் பியூர்க்கலால் திறக்கப்பட்டது. 1934, 1935 ஆகிய இரு ஆண்டுகளும் பெருவிளைச்சல் ஆண்டுகள். அதே வேளையில், பலாட்டினேட் ஒயினை வெளியூர்களுக்குக் கொண்டுசென்ற யூத வணிகர்கள் தொழிலிலிருந்து விரட்டப்பட்டுக்கொண்டிருந்தனர். விற்கப் பாதையற்றுத் தேங்கிய ஒயினுக்கு வாங்குவோரையே ஊருக்கு அழைத்துவரும் உத்தியாகச் சுற்றுலாச் சாலை பிறந்தது. மறு ஆண்டு ஷ்வைகனில் ஒயின் வாயில் எழுப்பப்பட்டது. அழகிய பயணப் பாதை ஒன்றின் தோற்றத்தில் ஒரு சமூகத்தின் வெளியேற்றம் அடங்கியிருக்கிறது என்பதைச் சுற்றுலாக் கையேடுகள் நெடுங்காலம் சொல்லவில்லை.

அன்வைலர் ஊருக்கு மேலே, 494 மீட்டர் உயரத்தில் நிற்கும் ட்ரிஃபெல்ஸின் மீது ஆட்சியாளரின் கண் விழுந்ததும் இக்காலத்தில்தான். 1081இல் முதன்முதலாக ஆவணத்தில் இடம்பெறும் இக்கோட்டை 12, 13ஆம் நூற்றாண்டுகளில் பேரரசின் மையங்களுள் ஒன்றாக விளங்கியது. மகுடம், வாள், உருண்டை முதலிய பேரரசுச் சின்னங்கள் பலமுறை இங்குக் காக்கப்பட்டன. இங்கிலாந்து அரசர் முதலாம் ரிச்சர்ட் சிலுவைப்போரிலிருந்து திரும்பும் வழியில் 1192 டிசம்பரில் வியன்னா அருகே பிடிபட்டு, 1193இல் பேரரசர் ஆறாம் ஹென்றியிடம் ஒப்படைக்கப்பட்டு, வசந்த காலத்தில் சில வாரங்கள் இங்குச் சிறையிருந்தார். அவரை விடுவிக்க இங்கிலாந்து திரட்டிய வெள்ளி, ஹென்றியின் சிசிலிப் படையெடுப்புக்கு உதவியது. 1194இல் ஹென்றி ட்ரிஃபெல்ஸிலிருந்தே புறப்பட்டார். வென்ற நார்மன் அரசின் கருவூலமும் இங்கேயே கொண்டுவரப்பட்டது. பாடகர் பிளாண்டல் கோட்டை கோட்டையாகப் பாடித் திரிந்து தம் அரசரைக் கண்டறிந்தார் என்பது பின்னாளில் எழுந்த கதை. சுற்றுலாவுக்கு அதுவே அதிகம் பயன்பட்டிருக்கிறது.

1930களில் இடிபாட்டில் அகழாய்வு நடத்தப்பட்டது. அக்காலப் பவேரிய முதலமைச்சர் லுட்விக் சீபர்ட் மீள்கட்டுமானத்தை முன்னின்று ஊக்குவித்தார். 1938இல் பணி தொடங்கியது. அதே ஆண்டில்தான் வியன்னாவிலிருந்த அசல் பேரரசுச் சின்னங்களை நாஜிக்கள் நியூரம்பெர்குக்கு எடுத்துச்சென்றனர். இரண்டும் இடைக்காலப் பேரரசைத் தங்கள் ஆட்சியின் முன்னோடியாகக் காட்டும் ஒரே முயற்சியின் இரு கைகள். கட்டடக்கலைஞர் ருடால்ஃப் எஸ்டரர், சின்னத்தைக் காப்பதில் படைப்பாற்றலுக்கும் இடமுண்டு என்ற கொள்கையர். அகழாய்வு காட்டிய பழைய தளவமைப்பை அவர் பின்பற்றவில்லை. தென்னித்தாலியிலுள்ள ஸ்டாஃபர் மன்னர்களின் கோட்டைகளை முன்மாதிரியாகக் கொண்டு, இரு தள உயரமுள்ள ஒரு பெருமண்டபத்தை எழுப்பினார். அத்தகைய மண்டபம் ட்ரிஃபெல்ஸில் ஒருபோதும் இருந்ததில்லை. அது 12ஆம் நூற்றாண்டின் அரசர் வாழும் கூடம் என்பதைவிட 20ஆம் நூற்றாண்டின் வழிபாட்டுக்கூடம் என்பதே பொருந்தும்.

போர் பணியை நிறுத்தியது. ஆனால் ஆட்சி வீழ்ந்த பிறகும் திட்டம் கைவிடப்படவில்லை. 1954இல் பணி மீண்டும் தொடங்கியது. 1960களின் நடுப்பகுதிவரை நீடித்தது. கோபுரம் உயர்த்தப்பட்டதும் இக்கட்டத்தில்தான். நாஜிக் காலத்தில் வகுக்கப்பட்ட வடிவத்தை மக்களாட்சி அரசு கட்டி முடித்தது என்பது சிறு செய்தியன்று. பாதிக் கட்டடத்தைக் கூரையின்றி விட முடியாது என்ற நடைமுறைக் காரணத்தை ஏற்கலாம். எனினும் தொடக்க நோக்கம் பற்றிய விளக்கமில்லாமல் முடிக்கப்பட்ட கட்டடம் தன்னைத் தானே தொன்மையாக்கிக்கொள்கிறது. பழமையின் சான்று என்ற தகுதியைப் பொறுத்தவரை, மூடப்படாத சுவர்களுடன் விடப்பட்ட மாடன்பர்க்கோ லிண்டல்பிரன்னோ ட்ரிஃபெல்ஸைவிட நம்பத்தக்கவை. அவற்றில் காணப்படும் வெடிப்பும் கரிந்த கல்லும் பின்னாளில் எவரும் வடிவமைத்தவையல்ல.

இருப்பினும் ட்ரிஃபெல்ஸில் பழையதையும் புதியதையும் கண்ணால் பிரித்தறிய வழியுண்டு. நடுக் கோபுரத்தின் கீழ்ப்பகுதியில், விளிம்பைச் சுற்றிச் செதுக்கி நடுப்பகுதியைப் புடைப்பாக விட்ட செம்மணற்கற்கள் ஸ்டாஃபர் காலத்தவை; அதன் சிற்றாலயமும் 13ஆம் நூற்றாண்டைச் சேர்ந்தது. புடைப்புக் கற்களின் வரிசை முடியும் இடத்துக்கு மேலுள்ளவை மீள்கட்டுமானத்தின் மென்மையான கற்கள். கோபுரத்திலிருந்து மண்டபத்துக்குள் அடியெடுத்து வைப்பவர் சில அடிகளில் ஏழு நூற்றாண்டுகளைக் கடக்கிறார். கோட்டையில் காட்சிக்கு வைக்கப்பட்டிருக்கும் மகுடமும் வாளும் உருண்டையும் படிகளே. போருக்குப் பின் வியன்னாவுக்குத் திரும்பிய அசல் சின்னங்கள் அங்குள்ள ஹோஃப்பர்க் அரண்மனையில் இருக்கின்றன.