ஃபேரி டேல் கல்யாணம்!

1981, ஜூலை 29. லண்டன், செயின்ட் பால் தேவாலயம். மணப்பெண் டயானாவின் கவுனுக்குப் பின்னால் 25 அடி நீளத்துக்குத் துணி புரண்டு வருகிறது. பக்கத்தில் இளவரசர் சார்லஸ். 'ஃபேரி டேல் என்பதெல்லாம் இப்படிப்பட்ட சமாசாரங்களால்தானே உருவாகிறது' என்கிற அர்த்தத்தில் பேச்சை ஆரம்பித்தார் ஆர்ச்பிஷப் ராபர்ட் ரன்சி. அதோடு நிறுத்தவில்லை. 'அந்தக் கதைகள் கல்யாணத்தோடு முடிந்துவிடும். நம் நம்பிக்கைப்படி ஆரம்பமே இங்கேதான்' என்றும் சொன்னார். பலருக்கு ஞாபகம் இருப்பது என்னவோ முதல் பாதிதான்! 1992-ல் ஜோடி பிரிந்தது. 1996-ல் விவாகரத்து.

ஆங்கிலத்தில் இந்த வார்த்தைக்கு இன்னொரு முகமும் உண்டு. 2008 ஜனவரியில், இராக் போர் விஷயத்தில் ஒபாமாவின் நிலைப்பாடு பற்றிப் பேசும்போது 'ஃபேரி டேல்' என்றார் பில் கிளின்டன். பாராட்டு இல்லை. சுத்த ரீல் என்று அர்த்தம்! நாம் மட்டும் என்ன... 'கதை சொல்லு' என்றால் கொஞ்சல், 'கதை விடாதே' என்றால் சண்டை.

சரி, யார் வைத்த பெயர் இது? பாரிஸில் வாழ்ந்த மதாம் தொல்னுவா என்ற சீமாட்டி. 1697-ல் தன் தொகுப்புக்கு 'தேவதைகளின் கதைகள்' என்று பிரெஞ்சில் தலைப்பு வைத்தார். அதுதான் ஆங்கிலத்துக்குப் போய் ஃபேரி டேல் ஆயிற்று.

அம்மணியின் சொந்தக் கல்யாணம் இருக்கிறதே, பயங்கரம்! பதின்வயதில், சுமார் 30 வயது மூத்த ஒரு பிரபுவுக்குக் கட்டிவைத்தார்கள். 1669-ல் அந்தக் கணவர்மீது ராஜதுரோகக் குற்றச்சாட்டு. நிரூபணமானால் தலை போய்விடும். பின்னணியில் மனைவியும் மாமியாரும்தான் என்று பேச்சு. கடைசியில் கணவர் தப்பித்தார். புகார் கொடுத்த இருவருக்கு மரண தண்டனை!

இப்படிப்பட்டவர் எழுதினால் எப்படி இருக்கும்? 'மஞ்சள் குள்ளன்' கதையில் காதலர்கள் இருவருமே செத்துப்போகிறார்கள். 1690-ல் அவர் எழுதிய முதல் தேவதைக் கதையிலும் இளவரசனுக்குச் சாவுதான். 'சுபம்' போட்டே ஆகவேண்டும் என்ற கட்டாயமெல்லாம் அப்போது கிடையாது.

அதே 1697-ல் சார்லஸ் பெரோவின் 'தூங்கும் அழகி'யும் புத்தகமாக வந்தது. இளவரசி கண் விழிக்கிறாள், கல்யாணம் ஆகிறது, இரண்டு குழந்தைகள். அப்புறம்தான் வில்லங்கம். மாமியார் மனித மாமிசம் தின்னும் ராட்சசி! பேத்தியைச் சமைத்து வை என்கிறாள். அடுத்து பேரன். அதற்கடுத்து மருமகள். நல்லவேளை, சமையல்காரன் புத்திசாலி. ஆட்டுக்குட்டியைச் சமைத்துப் போட்டு ஏமாற்றுகிறான்.

1959-ல் வால்ட் டிஸ்னி நிறுவனம் இதைப் படமாக்கியது. ஜோடியை நடனமாட விட்டுப் படத்தை முடித்துவிட்டார்கள். ராட்சசி மாமியார் அவுட்!